பயிற்சிக்கூடமல்ல, கோயில்

மாமல்லபுரம் பல்லவச் சிற்பிகளின் பயிற்சிக்கூடம் என்னும் பழைய பல்லவியை நாங்கள் ஏற்பதற்கில்லை. முற்றுப்பெறாத வேலைகளைச் சான்று காட்டுகிறார்கள். முற்றுப்பெறாத கோயிலும் கோயிலாகவே தொடங்கப்பட்டது. தர்மராஜ ரதத்தின் மேல்தளக் கல்வெட்டு அதனை 'அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம்' என்கிறது: ஈசனின் இல்லம். ரதம் என்ற சொல்லும் பாண்டவர் பெயர்களும் பிற்காலத்தவை. கடற்கரைக் கோயிலிலோ இரு சிவன் சந்நிதிகளுக்கிடையே திருமால் பள்ளிகொண்டிருக்கிறார்.

எகிப்தின் கல்லறை ஓவியங்கள் இறந்தவரின் மறுவாழ்வுக்காகத் தீட்டி மூடப்பட்டவை, காட்சிக்கல்ல என்பதை நம் ரசிகர்கள் அறிவார்கள். அதே ரசிகர்கள் இங்கே யானையின் முதுகை வியந்துவிட்டுக் கருவறையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1984இல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரம் கல்லைக் காக்கும். அது எதற்காகச் செதுக்கப்பட்டது என்பதை நாம்தான் காக்க வேண்டும். அழகை மட்டும் பேசும் விமரிசனம் பாதிக் கல்லைத்தான் வாசிக்கிறது.