துரை வீட்டுக்குக் காவல் உண்டு, லயத்துக்கு?

அப்புத்தளையில் ரயிலை விட்டு இறங்கும் முதுகுப்பைப் பயணிகள் பலர் அடிசம் பங்களாவுக்குத்தான் நடையைக் கட்டுகிறார்கள். சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கல் வீடு அது. 1960களில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமானது. துரையின் நூலகத்தைக்கூட அவர்கள் கலையாமல் பேணுகிறார்கள். பாராட்ட வேண்டிய வேலை.

கொழுந்து பறித்த என் அம்மாச்சி வாழ்ந்த லயத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கூரைத் தகரம் கழன்றுவிட்டது. இஸ்தோப்புச் சுவரில் அடுப்புக் கரியும், கொழுந்துக் கூடை மாட்டிய ஆணியும் மட்டும் மிச்சம். இந்த மலைகளைத் தேயிலையாக்கியவர்களின் வரலாறு அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

அதற்காக மக்களை லயத்திலேயே வைத்திருக்கச் சொல்லவில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களை மண் மூடியது. ஆபத்து குறித்து முன்பே எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே வாழ வேண்டியிருந்தது. காணியும் தனிவீடும் அவர்களின் உரிமை. இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் உரிமைக்காகக் கடைசிவரை குரல் கொடுத்தார்.

கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்று தொழிலாளர் அருங்காட்சியகமாகியிருக்கிறது. பதுளை மாவட்டத்திலும் மக்கள் குடிபெயர்ந்த லயம் ஒன்றையாவது அப்படிக் காப்பாற்ற வேண்டும். மாகாண நிர்வாகமும் தோட்டக் கம்பனிகளும் மனம் வைத்தால் முடியும். இடிந்து முடிவதற்குள் செய்யுங்கள்.