ஓசூர் ஆலை நிர்வாகங்களுக்குக் கல்லாவியிலிருந்து ஒரு மடல்



ஊத்தங்கரை வட்டம் கல்லாவிதான் எனக்கு ஊர். ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்து, அப்ரண்டிஸாகத் தொழில் பழகி, லேத்தோடேயே காலம் கழித்தவன்.

என் தங்கை மகனும் டர்னர்தான். இரண்டு வருஷம் படித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். வருஷம் முழுக்க அவனுக்குக் கொடுத்த வேலை, லைனில் வரும் பாகத்துக்கு போல்ட் முடுக்குவது. ஆள் குறைந்தால் பேக்கிங். லேத் பக்கம் அவனை விடவே இல்லை.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த மேஸ்திரி முதலில் அரம் பிடிக்கத்தான் வைத்தார். ராவிய பரப்பில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். இடையில் கீற்று தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். நான்கு தாடை சக்கில் ஜாபைக் கட்டி, டயல் கேஜ் முள் அசையாமல் நிற்கும்வரை ஒவ்வொரு தாடையாகத் தளர்த்தி இறுக்குவதையும் அவர் பக்கத்தில் நின்றுதான் கற்றேன். டூல் மழுங்குவது கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரிந்துவிடும். சி.என்.சி. வந்த பிறகும் செட்டிங் போடுபவனுக்கு இந்தக் காது வேண்டும்.

1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் என் தங்கை மகன் போன்ற பிள்ளைகளைத் தொழிலாளி என்று சொல்லவில்லை. பயிற்சி பெறுபவர் என்கிறது. 2016இல் வந்த, அப்ரண்டிஸ்களுக்கான தேசியத் திட்டத்தின்படி உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்றது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. இத்தனை சலுகையும் கற்றுத்தருவதற்காகத்தான். கற்றுத்தராமல் உழைப்பை மட்டும் வாங்கிக்கொள்வது அநியாயம்.

வருஷம் முடிந்ததும் தங்கை மகனை அனுப்பிவிட்டு, அதே இடத்தில் வேறொரு பையனை நிறுத்தினார்கள். இப்போது எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான். "மைக்ரோமீட்டர் பிடிக்கிறதே மறந்துபோச்சு மாமா" என்கிறான். கேட்கவே வயிறு எரிகிறது.

அப்ரண்டிஸ்களை மெஷின் ஷாப், டூல் ரூம், மெயின்டனன்ஸ் என்று மாற்றி மாற்றி அனுப்புங்கள். ஓய்வுபெறப்போகும் மூத்த ஆள் ஒருவர் பக்கத்தில் நிறுத்துங்கள். அவரோடு போய்விடப்போகும் தொழில் உங்கள் ஆலையிலேயே தங்கும்.

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், பையன் எந்த மெஷினில் நிற்பான், யார் சொல்லித்தருவார் என்று கேட்டுவிடுங்கள்.