நிறுத்தும் அதிகாரம் அடிக்கும் அதிகாரமல்ல

ஷிப்ட் முடிந்து திருபுவனையிலிருந்து வில்லியனூருக்கு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளி இரண்டு சர்க்கார்களின் எல்லையைக் கடந்தாக வேண்டும். திருபுவனை புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, அரியூர் மீண்டும் புதுச்சேரி. ஒரே பயணத்தில் இரண்டு போலீஸுக்கும் பதில் சொல்ல வேண்டியவன் அவன். சாலையோரத்தில் காக்கிச் சட்டையைக் கண்டதும் அவன் நெஞ்சு படபடக்கிறது. அவன் திருடனல்ல, கள்ளக் கடத்தல்காரனுமல்ல. எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறவன். பின் ஏன் இந்த அச்சம்?

காரணமில்லாமல் பிறந்த அச்சமல்ல இது. 2018 மார்ச் 7. சர்வதேச மகளிர் தினத்துக்கு முதல் நாள். திருச்சியை அடுத்த திருவெறும்பூர் வட்டாரத்தில், ஹெல்மெட் சோதனையில் நிற்கவில்லை என்று ஒரு மோட்டார் சைக்கிளைப் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் துரத்திச் சென்றார். அவர் வண்டியை எட்டி உதைத்தார் என்பது ஓட்டி வந்தவரின் புகார். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சாலையில் விழுந்து மாண்டார். ஆயிரக்கணக்கான ஜனங்கள் திருச்சி - தஞ்சை சாலையை மறித்தார்கள். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். நியாயம் கேட்டு மறியல் செய்தவர்கள் மீதும் தடியடி நடந்தது.

மூன்றாண்டு கழித்து, 2021 ஜூன் 22. கொரோனா ஊரடங்குக் காலம். சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில், மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரைச் சிறப்பு சப் இன்ஸ்பெக்டர் நடுச்சாலையில் தடியால் அடித்தார். அடிபட்டவர் மறுநாள் உயிரிழந்தார். அடித்தவர் கைதானார். உயிர் திரும்பி வந்ததா?

இந்த இரண்டு குடும்பங்களும் எந்தக் குற்றத்துக்காக இந்தத் தண்டனையை அனுபவித்தன? ஹெல்மெட் போடாததற்கு மரண தண்டனை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

நாம் ஹெல்மெட்டுக்கு எதிரிகள் அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மத்திய சர்க்காரின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். கார் முதலாளிகளின் தலைகள் அல்ல இவை. பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களின் தலைகள். ஆகவே தோழர்களே, போலீஸுக்குப் பயந்து அல்ல, வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளை நினைத்து ஹெல்மெட் போடுங்கள். பின்னால் உட்காரும் மனைவிக்கும் ஒன்று வேண்டும்.

ஆனால், தலையைக் காக்க வந்த சட்டத்தின் பெயரால் தலையை உடைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் லைசென்ஸைக் காட்ட வேண்டும். காட்டுவோம். மற்றப் பத்திரங்கள் கையில் இல்லையா? அவற்றின் நகலைச் சான்றொப்பத்துடன் 15 நாட்களுக்குள் சேர்ப்பிக்க மத்திய மோட்டார் வாகன விதி 139 இடம் தருகிறது. 2018-க்குப் பிறகு செல்போனில் உள்ள மின்னணுப் பத்திரமும் செல்லும். லைசென்ஸை அதிகாரி எடுத்து வைத்துக்கொண்டால் அதற்குத் தற்காலிக ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும். வண்டியையே கைப்பற்ற வேண்டுமானால் லைசென்ஸ் இல்லை, பதிவு இல்லை என்பது போன்ற காரணங்களைச் சட்டமே வகுத்து வைத்திருக்கிறது. கன்னத்தில் அறையலாம், சாதியைச் சொல்லித் திட்டலாம், ஓடுகிற வண்டியை உதைக்கலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

இந்த விவரம் வக்கீலுக்குத் தெரியும். காரில் போகிறவருக்கும் தெரியும். ஆகவே அவர்களிடம் போலீஸ் 'சார்' போட்டுப் பேசுகிறது. கரும்பு வெட்டப் போகிறவனிடமும் மில்லுக்குப் போகிறவனிடமும் 'டேய்' என்று தொடங்குகிறது. வித்தியாசம் குற்றத்தில் இல்லை, வர்க்கத்தில் இருக்கிறது.

அபராதத்தைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்கு முன் ஹெல்மெட் இல்லாததற்கு அபராதம் 100 ரூபாய். திருத்தம் அதை 1000 ரூபாயாக்கியது. மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கத்தையும் சேர்த்தது. புதுச்சேரியில் 2025 ஜனவரி 12 முதல் இது கண்டிப்பாக அமலுக்கு வந்தது. 2025-26-இல் புதுச்சேரியில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். விவசாயத் தொழிலாளியின் மூன்று நாள் உழைப்பு ஒரு ரசீதில் போய்விடுகிறது. ரசீது கொடுக்காமலே கேட்பவர்களும் உண்டு. பணக்காரனுக்கு அதே 1000 ரூபாய் ஒரு வேளை ஓட்டல் செலவு. இதற்குப் பெயர் சமநீதியா?

ஆளுகிறவர்கள் சட்டத்தை எப்படி மதித்தார்கள் என்பதையும் புதுச்சேரி ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி சாலையில் இறங்கி நின்று, ஹெல்மெட் இல்லாமல் வந்தவர்களை நிறுத்திக் கண்டித்தார். அதே கிரண் பேடி 2017 ஆகஸ்டில் இரவில் ஸ்கூட்டரின் பின்னால் ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்து நகரைச் சுற்றினார். பெண்களின் பாதுகாப்பைப் பார்வையிட்டாராம். அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள் சட்டமன்றத்தின் முன் ஹெல்மெட்டுகளைப் போட்டு உடைத்தார்கள். அன்றைய முதலமைச்சர் நாராயணசாமி 2019 அக்டோபரில் ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் ஓட்டுக் கேட்டார். ஆளுநருக்குச் சமாதானம், அமைச்சருக்குச் சமாதானம். கூலிக்காரனுக்கு மட்டும் அபராதமா?

சாலையில் நிற்கும் கான்ஸ்டபிள் நமக்கு ஜன்ம விரோதி அல்ல. அவரும் ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளைதான். வெயிலில் மணிக்கணக்காக நிற்கிறார். மேலதிகாரியின் ஏச்சைக் கேட்கிறார். சங்கம் வைக்க அவருக்கு உரிமையில்லை. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாயை அடைத்துவிட்டது. மேலிருந்து வாங்கிய வசவை அவர் கீழே இருக்கிற நம் மேல் இறக்குகிறார். இந்த ஏணியைத்தான் அதிகார வர்க்கம் என்கிறோம். கோபம் ஏணியின் மீது இருக்கட்டும்.

புதுச்சேரித் தொழிலாளிக்குப் போலீஸ் அடக்குமுறை புதிதல்ல. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகள் சவானா மில்லின் தொழிலாளர்கள் 12 பேரைப் பலிகொண்டன. அந்த ரத்தத்தின் மீதுதான் எட்டு மணி நேர வேலை என்ற உரிமை இங்கு பிறந்தது. கெஞ்சியவர்களுக்குக் கிடைத்ததல்ல அது. சேர்ந்து நின்றவர்களுக்குக் கிடைத்தது. சாலையில் மானத்தோடு போகும் உரிமையும் அப்படித்தான் கிடைக்கும்.

ஆகவே நாம் கோருகிறோம்:

1. ஓடும் வண்டியைத் துரத்துவதும், உதைப்பதும், தடியை நீட்டி மறிப்பதும் உடனே நிறுத்தப்பட வேண்டும். வண்டி எண்ணைக் குறித்து நோட்டீஸ் அனுப்ப வழி இருக்கிறது.

2. சோதனை செய்யும் ஒவ்வொரு போலீஸாரின் சட்டையிலும் பெயர் தெரிய வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு காசு வாங்கக் கூடாது.

3. இரு சக்கர வண்டி விற்கும்போது ஹெல்மெட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று மத்திய விதி 138 உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்துகிறது. தொழிலாளியை மறிக்கும் சர்க்கார் முதலில் கம்பெனிகளை மறித்துக் கேட்கட்டும்.

4. ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ப பஸ் விட வேண்டும். பஸ் இருந்தால் நள்ளிரவில் கடன் வண்டியில் தொழிலாளி ஏன் பறக்கிறான்?

தோழர்களே! நிறுத்தினால் நில்லுங்கள். ஓடாதீர்கள், துரத்தலில்தான் உயிர் போகிறது. மரியாதையாகப் பேசுங்கள், மரியாதையைக் கேட்டும் வாங்குங்கள். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், ரசீது கேளுங்கள். ஒரு தோழரைச் சாலையில் மறித்து நிற்பதைக் கண்டால் கடந்து போகாதீர்கள். வண்டியை ஓரங்கட்டிப் பக்கத்தில் போய் நில்லுங்கள். தனியாக நிற்கிறவனிடம்தான் தடி ஓங்கும். நான்கு பேர் சாட்சியாக நிற்கிற இடத்தில் சட்டம் தானாக நினைவுக்கு வரும். அநீதி நடந்தால் மறுநாள் காலையில் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். நாம் இருக்கிறோம்.