கருணாபுரத்து வீட்டுக்கு எதுக்கு நல்ல ஸ்பீக்கர்?

கொஞ்சம் நீளமான த்ரெட். மருத்துவப் பதிவு மாதிரி ஆரம்பிச்சு ஸ்பீக்கர்ல போய் முடியும். பொறுமையா படிங்க.

கருணாபுரம்னு சொன்னா உங்க எல்லாருக்கும் 2024 ஜூன் தான் ஞாபகம் வரும். மெத்தனால் கலந்த சாராயம், 60க்கும் மேற்பட்ட சாவு. பெரும்பாலும் தினக்கூலிக்குப் போறவங்க. செத்தவங்க எண்ணிக்கை தினமும் பேப்பர்ல வந்துச்சு. பிழைச்சவங்களைப் பத்தி அதுக்கப்புறம் யாரும் பெருசா கேக்கல. மெத்தனால் கல்லீரல்ல உடைஞ்சு கடைசியில ஃபார்மிக் அமிலமா மாறும். அது கை வைக்கிற முக்கியமான இடம் பார்வை நரம்பு. உயிர் தப்பியும் பார்வை முழுசா திரும்பாதவங்க உண்டு.

அப்படி ஒருத்தர். (ஆள் அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியும். நாள் முழுக்க வீட்டுல தான். மருந்து வாங்க வந்தப்ப, "சார், பாட்டு கேக்க ஒரு நல்ல செட்டு வாங்கணும், எது வாங்கலாம்?"னு கேட்டார். டூட்டி ரூம்ல இதைச் சொன்னேன். கூட இருந்த டாக்டர் சிரிச்சிட்டார். "அவர் இருக்கிற நிலைமைக்கு ஹை-ஃபை செட்டா? ஒரு சின்ன ரேடியோ போதாதா?"

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

நமக்கு சவுண்ட் பொழுதுபோக்கு. அவருக்கு செய்தி, சினிமா, பேரப்பிள்ளை அனுப்புற வாய்ஸ் மெசேஜ், எல்லாமே காது வழியாத்தான். அப்போ தெளிவான சவுண்ட் யாருக்கு ஆடம்பரம், யாருக்கு அத்தியாவசியம்? நிவாரணப் பணம் வந்தவங்க வீட்டுல என்ன வாங்கறாங்கன்னு கணக்குப் பாக்கறதுக்கு நமக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு அக்கறை வருது? சிகிச்சையில இருந்தவங்களுக்கு அரசு அறிவிச்சது 50,000 ரூபா. அது எத்தனை நாளைக்கு வரும்னு உங்களுக்கே தெரியும்.

இதுல வேடிக்கை என்னன்னா, அவர் வீட்டுல ஏற்கெனவே ஒரு செட்டு இருக்கு. சொந்தக்காரர் ஒருத்தர் பாசமா வாங்கிக் கொடுத்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரு டவர் ஸ்பீக்கர், சுத்திச் சுத்திக் கலர் லைட்டு எரியும். பார்வை இல்லாதவருக்கு லைட்டு! ஒரே பட்டனை ஒரு தடவை அமுக்கினா ப்ளூடூத், ரெண்டு தடவை அமுக்கினா எஃப்எம், அமுக்கிப் பிடிச்சா வேற என்னமோ. எந்த மோடுல இருக்குன்னு சின்ன ஸ்கிரீன்ல காட்டும். அதை யார் பாக்கறது?

அட்டைப்பெட்டியில "10,000 வாட்ஸ் பிஎம்பிஓ". சொந்தங்களே, வீட்டுல இருக்கிற சின்ன ப்ளக் 5 ஆம்பியர். 230 வோல்ட்டால பெருக்குங்க, 1,150 வாட். அதுல இருந்து பத்தாயிரம் எப்படிங்க வரும்? பிஎம்பிஓ-வை எப்படி அளக்கணும்னு எந்தத் தர விதியும் கிடையாது. விக்கிறவர் எழுதறதுதான் கணக்கு. ஒரு சாதாரண ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்ல, ஒரு மீட்டர் தூரத்துல 85 டெசிபல் கிட்ட கத்தும். சின்ன ரூம்ல நாம கேக்கறதுக்கு பெரும்பாலும் அந்த ஒரு வாட் கூட முழுசா செலவாகாது.

ஆனா இந்த டவர்ல பேச்சு தெளிவா வராது, பேஸ் மட்டும் இடிக்கும். பேச்சு புரியலைன்னு வால்யூமை ஏத்துவோம். பேஸ் இன்னும் இடிக்கும். இங்கதான் டாக்டரா எனக்குக் கோபம் வருது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற பாதுகாப்பான அளவு, பெரியவங்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90ஐத் தொட்டா வாரத்துக்கே நாலு மணி நேரம்தான். அவர் நாள் பூரா கேக்கறார். உள்காதுல செத்த முடிச்செல் திரும்ப முளைக்காது. கண்ணை சாராயம் எடுத்துச்சு, காதை நாம கலர் லைட்டு போட்டு எடுக்கப் போறோமா?

சரி, அப்போ என்ன வாங்கறது? ரெண்டு சின்ன ஆக்டிவ் ஸ்பீக்கர். அவ்வளவுதான். ஆம்ப் தனியா வேண்டாம், அது ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளயே இருக்கும். முறையான ஆக்டிவ்ல வூஃபருக்கு ஒரு ஆம்ப், ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப், ஒலியைப் பிரிக்கிற வேலை ஆம்ப்புக்கு முன்னாடியே முடிஞ்சிடும். விலை குறைஞ்ச ஜோடியில ஒரு பெட்டிக்குள்ள மட்டும் ஆம்ப் இருக்கும், இன்னொண்ணுக்கு ஒயர் போகும். அதுவும் போதும். நாலு இஞ்ச் வூஃபர் பத்துக்குப் பத்து ரூமுக்குத் தாராளம். விலை பத்தாயிரத்தைச் சுத்தி, அந்த டவர் விலைதான். கம்பெனி பேரு கேக்காதீங்க, சொன்னா கமிஷன் வாங்கறேன்னு சொல்லுவீங்க.

வாங்கும்போது பாக்க வேண்டியது வால்யூமுக்குக் கையால திருகற குமிழ் இருக்கா, ஃபோனை ஒயர்ல சொருக முடியுமா. ப்ளூடூத் மட்டும்னா வேண்டாம். ஃபோன்ல டாக்பேக் பேசும்போது ப்ளூடூத் தாமதமாகும், சில சமயம் முதல் எழுத்தை முழுங்கிடும். கண் தெரியாதவர் தடுமாறிப் போவார்.

இன்னொரு கூட்டம் இருக்கு. ஆயிரக்கணக்குல கேபிளும், கேபிளுக்குக் கீழ வைக்க மரக்கட்டையும் விக்கிறவங்க. அவங்க பக்கமும் போகாதீங்க. கண்ணை மறைச்சு வெச்சு, எந்த ஸ்பீக்கர்னு சொல்லாம கேக்க வெச்ச ஆராய்ச்சிகள் கனடாவுல 1980கள்லயே நடந்திருக்கு, ஃப்ளாய்ட் டூல் பண்ணது. எதையும் கூட்டாம குறைக்காம சீரா ஒலிக்கிற ஸ்பீக்கரைத்தான் பெரும்பாலானவங்க தேர்ந்தெடுத்தாங்க. விலையையோ பேரையோ பாத்து இல்ல.

வைக்கிற இடம்தான் பாதி சவுண்ட். மூலையில தள்ளினா பேஸ் வீங்கும். ட்வீட்டர் காது உயரத்துக்கு வரணும், ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல இருக்கிற தூரமும் நம்ம உட்கார்ற தூரமும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். நாங்க ரெண்டு ஸ்டூல் போட்டோம். ரூம் எதிரொலிச்சது. பின்னாடி கொடியில பாயும் போர்வையும் தொங்க விட்டதும் குறைஞ்சுது. சுவரோட சுவர் ஒட்டின வீடுகள், பக்கத்து வீட்டுல கைக்குழந்தை. ஆனா தெளிவா கேட்டா சத்தம் தேவைப்படல.

குமிழ் ஓரத்துல ஒரு சொட்டு எம்-சீல் ஒட்டிக் காய விட்டோம், தடவிப் பாத்தே அளவு தெரியட்டும்னு. 1978ல வந்த 'ப்ரியா' போடச் சொன்னார். தமிழ்ல ஸ்டீரியோவுல பாட்டு பதிவான ஆரம்பப் படங்கள்ல அது ஒண்ணு. ஒத்தை டவர்ல அந்த இடம் வலம் அவருக்குக் கேட்டிருக்கவே வாய்ப்பில்ல. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "சார், வயலின்காரங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க"ன்னார்.