பிறபொருளெதிரி பெருகினால் போதுமா?

மருத்துவச் செய்தி எழுதும் எம்மவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு மருந்து பாதுகாப்பானது, நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது என்று ஆய்வொன்று சொன்னதும், "தடுப்பு மருந்து வெற்றி" என்று நான்கு பத்தித் தலைப்பிட்டுவிடுவோம். செய்தி மேசையில் இருந்த காலத்தில் நானும் அவ்வாறு தலைப்பிட்டவன்தான். ஆகவே இக்குற்றச்சாட்டு என்மீதும் சேர்த்தே.

இது எத்தனை பெரிய தவறு என்பதற்கு சி.வி.டி. 103-எச்.ஜி.ஆர். என்ற கொலராத் தடுப்பு மருந்தின் கதையே சான்று. 1980களில் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் மைரன் லெவின், ஜேம்ஸ் கேப்பர் ஆகியோரின் குழுவினர் இதை உருவாக்கினர். கொலராக் கிருமியின் மரபணுவில் நச்சை உண்டாக்கும் பகுதியை நீக்கி, உயிருள்ள அக்கிருமியையே ஒரே தடவை குடிக்கக் கொடுப்பது இதன் முறை. உயிருள்ள கிருமி என்பதால் பாதுகாப்புச் சோதனை இன்றியமையாதது. அதில் மருந்து தேறியது. தொண்டர்களின் குருதியில் கிருமியைக் கொல்லும் பிறபொருளெதிரி பெருகியது. மருந்தின் அளவைக் கூட்டியபோது இந்தோனேசியச் சிறுவரிடமும் அவ்வாறே பெருகியது.

பின்னர் 1993இல் வட ஜகார்த்தாவில் 67,000க்கும் அதிகமானோரிடம் கள ஆய்வு தொடங்கியது. ஒரு சாராருக்கு மருந்து, மறு சாராருக்கு மருந்தில்லாக் கரைசல். நான்கு ஆண்டுகள் கண்காணித்தபின் கண்ட பாதுகாப்பு வெறும் 14 வீதம். தற்செயலாகவும் வரக்கூடிய எண் அது. குருதி தந்த வாக்குறுதியைக் களம் காப்பாற்றவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆய்வின் தொடக்க மாதங்களில் ஜகார்த்தாவில் கொலரா அரிதாகவே இருந்ததால், குறுகிய காலப் பாதுகாப்பை அங்கு அளக்க இயலவில்லை. 2000இல் மைக்ரோனேசியாவின் போன்பே தீவில் நோய் பரவியபோது இம்மருந்து ஏறத்தாழ 79 வீதம் பயன் தந்தது. பின்னர் அமெரிக்காவில் மருந்தருந்திய தொண்டர்கள் கொலராக் கிருமியையே குடித்துச் சோதனைக்கு உட்பட்டனர். பத்து நாளில் 90 வீதமும் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 80 வீதமும் பாதுகாப்புத் தெரிந்தது. அதன்பேரில் 2016இல் அங்கு அனுமதி கிடைத்தது. யாருக்கு? கொலரா உள்ள நாடுகளுக்குச் செல்லும் 18 முதல் 64 வயது வரையான பயணிகளுக்கு!

ஆக, மருந்து பொய்யன்று. எமது தலைப்புத்தான் பொய். பயணிக்கு மூன்று மாதப் பாதுகாப்புப் போதும். கழிவுநீர் கலந்த கிணற்றருகே வாழும் குழந்தைக்கு ஆண்டுக்கணக்கில் வேண்டும். அவசரத் தலைப்போ இருவருக்கும் ஒரே நம்பிக்கையைத் தருகிறது. அந்த நம்பிக்கையில் தாயொருத்தி தண்ணீரைக் கொதிக்கவைக்காது விடலாம். குடிநீர்த் திட்டத்தைத் தள்ளிப்போட அரசியல்வாதிக்கும் நல்லதொரு சாட்டு.

இளம் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரிடம் சோதித்தார்கள்? எவ்வளவு காலம்? அளந்தது குருதியையா, நோயையா? இம்மூன்றுக்கும் விடையில்லாத செய்திக்கு உட்பக்கத்தில் ஒற்றைப் பத்தி போதும்.