‘அவரால்’ என்பதா, ‘அவர் மூலமாக’ என்பதா?

1821-ல் கல்கத்தாவில் மூன்று பேர் ஒரு வேற்றுமை உருபுக்காக மல்லுக்கட்டினார்கள். புதிய ஏற்பாட்டை கிரேக்க மூலத்திலிருந்து வங்காளியில் பெயர்க்க உட்கார்ந்தவர்கள் அவர்கள். வில்லியம் யேட்ஸ், வில்லியம் ஆடம் இருவரும் பாப்டிஸ்ட் பாதிரிமார்கள். உடன் இருந்தவர் ராம்மோகன் ராய்.

யோவான் சுவிசேஷத்தின் முதல் அத்தியாயத்தில் ‘டியா’ என்ற சின்னச் சொல் குறுக்கே நின்றது. உலகம் கிறிஸ்து‘வால்’ படைக்கப்பட்டதா, கிறிஸ்துவின் ‘மூலமாக’ப் படைக்கப்பட்டதா? முதலாவது என்றால் அவரே படைத்தவர். இரண்டாவது என்றால், படைத்தவர் வேறு, இவர் வழி மட்டுமே என்று வாதிட இடமுண்டு. ‘மூலமாக’ என்பதில் உள்ள ஆபத்தை உணர்ந்து யேட்ஸ் விலகிக்கொண்டார். ஆடமோ ராயின் பக்கம் சாய்ந்தார். இந்துவை மதம் மாற்ற வந்த பாதிரி தானே மாறிப்போனார். ஆதாம் இரண்டாம் முறையாக வீழ்ந்தான் என்று ஊர் கேலி பேசியது.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதுதான் திரித்துவம். அந்தச் சொல் பைபிளில் இல்லை. கி.பி. 325-ல் நைசியாவிலும் 381-ல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய சபைகள் அந்தக் கோட்பாட்டுக்கு உருக்கொடுத்தன. அதை மறுத்த செர்வீட்டஸ் 1553-ல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். இங்கிலாந்தில் திரித்துவத்தை மறுப்போருக்கு இருந்த தண்டனை 1813-ல்தான் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர், கடவுள் ஒருவரே என்று வழிபடும் கிறிஸ்தவர்களுக்காக ஒரு சிறு ஆலயம் கட்டினார்.

ராயின் கேள்வி எளிமையானது. பல தெய்வ வழிபாடு மடமை என்று மிஷனரிகள் இந்துக்களுக்குப் போதித்தார்கள். ராய்க்கு அதில் ஆட்சேபம் இல்லை. விக்கிரக வழிபாட்டை எதிர்த்துச் சொந்த ஜனங்களின் கோபத்தைச் சம்பாதித்தவர் அவர். ஆனால், மூவர் எப்படி ஒருவர் என்று அவர் திருப்பிக் கேட்டபோது, அது அறிவுக்கு எட்டாத தெய்வ ரகசியம் என்று பதில் வந்தது. அந்தச் சலுகையை இந்துவுக்கும் தருவீர்களா என்றார் ராய்.

1820-ல் இயேசுவின் நீதிபோதனைகளை மட்டும் தொகுத்து, அற்புதங்களை விட்டுவிட்டு, அவர் ஒரு புத்தகம் போட்டார். செராம்பூர் மிஷனரிகளின் பத்திரிகை அவரை ‘அஞ்ஞானி’ என்று குறிப்பிட்டது. ஜோஷுவா மார்ஷ்மன் மறுப்பு எழுத, ராய் பதில் எழுத, சர்ச்சை நீண்டது. மூன்றாவது பதிலை அச்சிட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்துவிட்டது. ராய் சளைக்கவில்லை. சொந்தமாக அச்சகம் வைத்து 1823-ல் அதை வெளியிட்டார்.

திரித்துவத்தை நம்புகிறவர்களிடம் சரக்கில்லை என்று எண்ணிவிட வேண்டாம். இது கூட்டல் கணக்கில்லை. கடவுள் அன்பே உருவானவர் என்றால் அந்த அன்பு அவருக்குள்ளேயே உறவாக இருந்தாக வேண்டும் என்கிறார்கள். சிலுவையில் வதைபட்டது கடவுள் அனுப்பிவைத்த வேறு யாரோ அல்ல, கடவுளே என்பது அவர்களுக்கு உயிர்நாடி. ராயின் கேள்வி இதைத் தகர்த்துவிடவில்லை. ஆனால் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது.

வேடிக்கை என்னவென்றால், ராய் தொடங்கிய பிரம்ம சமாஜத்திலிருந்து வந்த கேசவ சந்திர சென்னே 1882-ல் திரித்துவத்தை சத்-சித்-ஆனந்தம் என்று விளக்கிப் பேசினார். பின்னர் கிறிஸ்தவரான பிரம்மபாந்தவ் உபாத்யாய் அதையே துதிப்பாடலாக்கினார். கேள்வி பிறந்த மண்ணிலேயே, அந்த மண்ணின் மொழியில், ஒரு பதிலும் பிறந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். மிஷன் அச்சகம் கதவைச் சாத்தியது தவறு. ஆனால் அதற்கு மேல் யாரும் போகவில்லை. ராயின் புத்தகத்தை யாரும் கொளுத்தவில்லை, அவரைச் சிறையில் தள்ளவில்லை. மார்ஷ்மன் பக்கம் பக்கமாக எழுதினார். ராய் கிரேக்கமும் ஹீப்ருவும் படித்துப் பதில் சொன்னார்.

இன்று அப்படி ஒரு புத்தகம் வந்தால் என்ன ஆகும்? மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295-ஏ பிரிவு 1927-ல் சேர்க்கப்பட்டது. 2024 முதல் புதிய சட்டத்தில் 299-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்தால்தான் குற்றம் என்பது சட்டம். ஆனால் நோக்கம் என்னவென்று நீதிமன்றம் தீர்மானிப்பதற்குள் எழுதியவர் வருடக்கணக்கில் அலைய நேரும். எந்த மதத்தைப் பற்றி எழுதினாலும் இதே கதைதான்.

அடுத்தவர் தெய்வத்தை நோக்கிக் கேள்வி கேட்கும் உரிமை வேண்டுமென்றால், நம் தெய்வத்தைப் பற்றிய கேள்விக்கும் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும். மார்ஷ்மனுக்கு அந்தப் பொறுமை இருந்தது. நமக்கு?