எழுவாயை எங்கே தேடுவது?

மத்திய அரசுப் பணிகளுக்காக எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வில் 60 நிமிடங்களில் 100 கேள்விகள். அவற்றில் 25 ஆங்கிலம். தவறாகக் குறித்தால் அரை மதிப்பெண் போய்விடும். அந்த ஆங்கிலப் பகுதியில், எழுவாய்க்கும் வினைக்கும் பொருத்தம் பார்க்கும் கேள்விகளில் நம் பிள்ளைகள் மதிப்பெண்ணை இழப்பது எனக்குப் பெரிய வருத்தம். ஏனென்றால் இந்தப் பொருத்தம் அவர்களுக்குப் புதிதல்ல.

வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தது, வந்தன என்று விகுதியிலேயே திணை, பால், எண், இடம் காட்டுகிற மொழி நம்முடையது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் பெரிதும் இந்தப் பொருத்தத்தைத்தான் பேசுகிறது. ஆங்கில வினையோ நிகழ்காலப் படர்க்கை ஒருமைக்கு ஓர் 'எஸ்' சேர்ப்பதோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பிறகு ஏன் தடுமாற்றம்?

எழுவாயைத் தவறான இடத்தில் தேடுகிறோம் என்பது என் கணிப்பு. 'கூடையிலுள்ள மாம்பழங்களின் தரம் குறைந்துவிட்டது' என்கிறோம். அடைகளெல்லாம் முன்னால் போய்விட, தலைமைச் சொல்லான 'தரம்' வினையை ஒட்டி நிற்கிறது. ஆங்கிலத்தில் 'தி குவாலிட்டி' முதலிலேயே வந்துவிடும். 'ஆஃப் தி மேங்கோஸ்' பின்னால் தொடரும். வினைக்குப் பக்கத்தில் நிற்பது மாம்பழங்கள். தமிழில் பழகிய கண் அதையே எழுவாயாக எடுத்துக்கொண்டு, 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் ஆர் புவர்' என்பதில் பிழையே இல்லை என்று குறித்துவிடுகிறது. 'ஈஸ்' வந்திருக்க வேண்டும்.

ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கும் இந்த இடம் வழுக்கும். 1991இல் கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற உளவியலாளர்கள் 'தி கீ டு தி கேபினட்ஸ்' போன்ற தொடக்கங்களைக் கொடுத்து வாக்கியத்தை முடிக்கச் சொன்னார்கள். இடையில் பன்மைப் பெயர் வந்தபோது, ஒருமை எழுவாய்க்குப் பன்மை வினை போடும் பிழை கூடியது.

பயிற்சி மையக் குறிப்பேடுகள் 'அலாங் வித்'துக்கு ஒரு விதி, 'டுகெதர் வித்'துக்கு ஒரு விதி, 'ஈச்'சுக்கு ஒரு விதி என்று அடுக்கிக்கொண்டே போகின்றன. இவற்றில் பலவற்றை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. 'முருகன் நண்பர்களோடு வந்தான்' என்றுதான் சொல்கிறோம், 'வந்தார்கள்' என்பதில்லை. 'அலாங் வித்' நம் 'ஓடு' செய்யும் வேலையைத்தான் செய்கிறது. 'ஒவ்வொரு மாணவனும் வந்தான்' என்பவருக்கு 'ஈச்' ஒருமை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? 'எ நம்பர் ஆஃப்' பன்மை, 'தி நம்பர் ஆஃப்' ஒருமை. 'நைதர்', 'நார்' வந்தால் அருகிலுள்ள பெயரைப் பார்க்க வேண்டும். இப்படிச் சிலவற்றை மட்டும் படித்து வைத்துக்கொண்டால் போதும்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் வினையைக் கண்டதும் 'யார்? எது?' என்று கேளுங்கள். கிடைத்த பெயருக்கு முன்னால் 'ஆஃப்', 'இன்', 'வித்' நின்றால் அதை விட்டுவிட்டு இன்னும் இடப்பக்கம் போங்கள். 'மோஸ்ட் ஆஃப்', 'சம் ஆஃப்' போன்றவை மட்டும் விலக்கு. அங்கே 'ஆஃப்'புக்குப் பின்னால் வரும் பெயர்தான் எண்ணைத் தீர்மானிக்கும். ஆசிரியர்களும் விதிப் பட்டியலைக் கையில் கொடுப்பதற்கு முன், எழுவாயின் அடியில் கோடு போடும் பயிற்சியைச் சில நாள் கொடுங்கள்.